சாமி அறையில் உட்கார்ந்து கேட்ட படம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷமாக யோசித்துவிட்டேன். இரண்டு தடவை எழுதி, விளக்கேற்றும் நேரத்தில் மனசு கேட்காமல் கிழித்து அடுப்பில் போட்டிருக்கிறேன். பெரியப்பாவின் படம் எங்கள் தெரு பஜனை மடத்தில் மாலையோடு தொங்குகிறது. மார்கழி முப்பது நாளும் அந்தப் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் பிள்ளைகள் பாட்டை ஆரம்பிக்கிறார்கள். அப்படிப்பட்ட மனுஷரைப் பற்றி எட்டாவது வரைக்கும் படித்த நான் என்ன எழுதிவிட முடியும் என்று இருந்துவிட்டேன். இப்போது மடத்துக்கு நினைவு மலர் என்று புத்தகம் போடுகிறார்கள். பழைய ஆட்கள் ஆளுக்கொரு நினைவு எழுதித் தர வேண்டுமாம். என்னிடமும் கேட்டார்கள். எனக்கு இருக்கிற நினைவு இதுதான். போட்டால் போடட்டும், போடாவிட்டாலும் எழுதியது எழுதியதாக இருக்கட்டும்.

நாங்கள் ராஜபாளையத்தில் மில்லுக்குப் பின்னால் இருக்கிற தெருவில் இருந்தோம். எண்பதுகளின் கடைசி. எனக்குப் பத்து வயது. எங்கள் வீட்டுக்கும் பெரியப்பா வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர் பலசரக்குக் கடை வைத்திருந்தார், பஜனை மடத்துக்குத் தலைவர். மார்கழியில் விடிவதற்கு முன் ஒரு நாள் விடாமல் வந்து பாடுகிற பிள்ளைகளுக்குப் பொங்கலுக்கு மறுநாள் மடத்தில் ஒரு படம் போட்டுக் காட்டுவார்கள். வீடியோ கேசட் போடுகிற டெக்கும் கலர் டிவியும் வாடகைக்கு எடுத்து, தள்ளுவண்டியில் வைத்து ஊர்வலம் மாதிரிக் கொண்டு வருவார்கள். ஒன்பதாவது, பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள் குளிரில் எழுந்து வந்ததில் பாதி பக்தி, பாதி அந்தப் படம். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. மடத்தில் இருக்கிற தாயாருக்கும் அது தெரியும்.

ஆனால் எந்தப் படமானாலும் மூன்று பெரியவர்கள் முதலில் பார்க்க வேண்டும். பெரியப்பா, தையல்கடை வைத்திருந்த ஒரு சித்தப்பா, ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர். தபால்காரரைத் தெரு முழுக்க மாமா என்றுதான் கூப்பிடும். வயசுப் பிள்ளைகள் பார்க்கத் தக்கதா என்று இவர்கள் முடிவு செய்வார்கள். தகாத இடம் கொஞ்சமாக இருந்தால், அந்த இடம் வரும்போது பெரியப்பா எழுந்து போய்த் தன் தோள் துண்டை டிவிக்கு முன்னால் விரித்துப் பிடிப்பார். துண்டு மெல்லிசு. பின்னால் ஆடுகிறவர்களின் நிழல் நன்றாகத் தெரியும். முந்தின வருஷப் படத்தில் ஆறு பாட்டு. ஆறுக்கும் துண்டு பிடித்துக் கை கடுத்துப் போய், "இனிமே பாட்டுப் படமே வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

அந்த வருஷம் பாட்டில்லாத படம் தேடித்தான் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போனார். அங்கே கேசட் கடைக்காரர் ஒரு இங்கிலீஷ் படத்தைக் கொடுத்திருக்கிறார். அட்டையில் பால் புட்டியோடு ஒரு குண்டுக் குழந்தை. பின்னால் ஒரு வெள்ளைக்காரப் பெண் தலையில் கை வைத்து முழித்துக்கொண்டு நிற்கிறாள். பிள்ளை வளர்க்கிற படம், பாட்டே கிடையாது, வயிறு வலிக்கச் சிரிக்கலாம் என்றிருக்கிறார் கடைக்காரர். பெரியப்பா அட்டையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கி வந்தார்.

இந்த இடத்தில் என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்காவுக்கு அப்போது பத்தொன்பது வயது. கன்னியாஸ்திரிகள் நடத்துகிற பள்ளியில் பன்னிரண்டாவது முடித்திருந்தாள். இங்கிலீஷில் அவள்தான் முதல் மார்க். அதற்குப் பரிசாக ஒரு சிஸ்டர் கொடுத்த டிக்‌ஷ்னரியைத் தலைமாட்டில் வைத்துத்தான் தூங்குவாள். பெரியப்பா கடையில் சாமான் மடித்துவரும் இங்கிலீஷ் பேப்பரைக்கூட விடமாட்டாள். பருப்பைக் கொட்டிவிட்டு நீவி எடுத்து வாசிப்பாள்.

அம்மாவையும் சேர்த்து எங்கள் தெருப் பெண்கள் முக்கால்வாசிப் பேர் மில்லுக்கும் பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கும் போகிறவர்கள். அவர்கள் கைப்பிள்ளைகளைக் காலையில் அக்காவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டு உத்தரத்தில் வரிசையாக ஐந்து சேலைத் தொட்டில் தொங்கும். ஒன்றை ஆட்டினால் இன்னொன்று அழும். அக்கா தரையில் உட்கார்ந்து கைக்கு ஒன்று, கால் பெருவிரலுக்கு ஒன்று என்று கயிறு கட்டி ஆட்டிக்கொண்டே புத்தகம் வாசிப்பாள். அவள் கையில் ஒரு பிள்ளை அரை நாழிகைக்கு மேல் அழுது நான் பார்த்ததில்லை.

இது தெரிந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் ஜூன் மாதத்திலிருந்து அவளை வேலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார்கள். சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், இரண்டு வருஷம் போனால் அவர்களே டீச்சர் படிப்புக்கு அனுப்புவார்கள். ஒன்றே ஒன்று கேட்டார்கள். நல்ல நடத்தை உள்ள பெண் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுதித் தர வேண்டும். எங்களுக்கு ஊர்ப் பெரியவர் யார்? சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர்தான்.

பொங்கலுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து மூன்று பேரும் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் படம் பார்க்க உட்கார்ந்தார்கள். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது, பெரியப்பா எங்கள் வாசலில் வந்து நின்றார். படத்தில் பேசுகிறது ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. பேச்சு விளங்காமல் நல்ல படம், கெட்ட படம் என்று எப்படிச் சொல்வது?

"ஏட்டி, நீ செத்த வா. வந்து அர்த்தம் சொல்லு."

அம்மா அடுப்படியிலிருந்து வந்து, "வயசுப் பிள்ளை, அம்புட்டு ஆம்பிளைக நடுவுல ஒக்காந்து எப்படிப் படம் பாப்பா?" என்றாள்.

"படத்த யாரு பாக்கச் சொன்னா? சாமி ரூம்ல ஒக்காரட்டும். கதவச் சாத்திக்கிடலாம். காதுல விழுறத மட்டும் தமிழ்ல சொன்னாப் போதும். கண்ணால பாத்தாத்தான தப்பு? தொணைக்குச் சின்னவளும் வரட்டும்." அப்புறம் அக்காவைப் பார்த்து, "இத நல்லபடியாச் சொல்லி முடி. சாயங்காலமே அந்தப் பள்ளிக்கூடத்துக்கு லெட்டர் எழுதித் தாரேன்" என்றார்.

இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. தாயார் படம், பெருமாள் படம், குத்துவிளக்கு, பித்தளைத் தட்டில் காய்ந்த துளசி. அதற்கு முன்னால் ஒரு பெண் பிள்ளையைச் சப்பணம் போட்டு உட்கார வைத்து, அந்தப் படத்துக்கு அர்த்தம் சொல்லச் சொன்னார்கள். அது தப்பு என்று அந்த மூன்று பெரியவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சாமி அறையில் வைத்துவிட்டால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்று நினைத்தார்கள்.

ஆரம்பத்தில் நன்றாகத்தான் போயிற்று. கதவுக்கு அந்தப் பக்கம் படம் சத்தம் போடும், இந்தப் பக்கம் அக்கா கண்ணை மூடிக் கேட்டுச் சொல்வாள்.

"புருஷனும் பொண்டாட்டியும் விருந்துக்குப் போறாக. கைப்பிள்ளையப் பாத்துக்க ஒரு காலேஜ் பொண்ண வரச் சொல்லிருக்காக. பால் எப்ப குடுக்கணும்னு சொல்லுதாக."

"அடடே, நம்ம பிள்ளை கததான்" என்றார் தையல்காரச் சித்தப்பா. எல்லாரும் சிரித்தார்கள். அக்காவும் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

பிள்ளை பாலைத் துப்புகிறது, அந்தப் பெண் வழுக்கி விழுகிறாள், கூடத்தில் ஒரே சிரிப்பு. பிறகு போன் மணி அடிக்கிற சத்தம். அந்தப் பெண் குரலைத் தாழ்த்திப் பேசினாள். அக்கா கொஞ்சம் தயங்கினாள்.

"பிள்ள தூங்கிருச்சாம். பெரியவுக வர நேரமாகுமாம். யாரையோ வீட்டுக்கு வரச் சொல்லுதா."

"யார?" என்று தபால்கார மாமா கேட்டார்.

"சிநேகிதன."

கூடத்தில் சிரிப்பு நின்றது. "பொறவு?" என்றார் பெரியப்பா.

பிறகு கதவு திறக்கிற சத்தம், பாட்டுப் பெட்டிச் சத்தம், அவனும் அவளும் கிசுகிசுவென்று பேசுகிற சத்தம். அக்கா வாய் திறக்கவில்லை.

"என்னட்டி சொல்றான் அவன்?"

"புரியல பெரியப்பா. வேகமாப் பேசுதாங்க."

"அவ என்ன சொல்றா?"

"அதும் புரியல."

மூன்றாவது தடவையும் புரியவில்லை என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அக்காவுக்கா புரியவில்லை? தெருவில் யாருக்கு இங்கிலீஷில் கடிதாசி வந்தாலும், மில்லில் நோட்டீஸ் ஒட்டினாலும் அக்காவைத்தானே கூப்பிடுவார்கள்? இத்தனை பெரியவர்களுக்கு முன்னால் அவள் மட்டமாகப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. கதவில் வாயை வைத்துக் கத்தினேன்.

"அக்காவுக்குத் தெரியும் பெரியப்பா. டிக்‌ஷ்னரி பூராம் படிச்சிருக்கா. வெக்கப்பட்டுக்கிட்டுச் சொல்ல மாட்டேங்கா."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அப்படியா சங்கதி" என்று பெரியப்பாவின் குரல் வந்தது. "தெரிஞ்சுக்கிட்டே மறைக்கியா? லெட்டர்ல கையெழுத்துப் போடப் போறவன்ட்டயே பொய் சொல்லுவியா? நாளைக்கு அம்புட்டுப் பிள்ளைகளுக்கும் நான்ல பதில் சொல்லணும்? சொல்லுட்டி."

கேசட்டைப் பின்னால் ஓட்டுகிற சத்தம் கேட்டது. அதே பேச்சு மறுபடியும் வந்தது. விளங்கவில்லை என்று இன்னொரு தடவையும் ஓட்டினார்கள். தக்கதா தகாததா என்று பார்க்க வந்தவர்கள் ஒரே இடத்தை மூன்று தடவை பார்த்தார்கள். அக்கா தாயார் படத்தைப் பார்த்துக்கொண்டே மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். என்ன சொன்னாள் என்று நான் எழுதப் போவதில்லை. பேசுகிற பேச்சில் அதைச் சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. பாடப் புத்தகத்தில் இருக்கிற மாதிரிச் சுத்தத் தமிழில் சொன்னாள். அது மட்டும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிறகு தையல்காரச் சித்தப்பா மெதுவாகக் கேட்டார்.

"இம்புட்டுக்கும் அர்த்தம் தெரியுதா இந்தப் பிள்ளைக்கு?"

தீர்ப்பு அந்த இடத்திலேயே ஆகிவிட்டது. படத்தைப் பற்றி அல்ல.

"போதும். நீ வீட்டுக்குப் போ" என்றார் பெரியப்பா. நாங்கள் பின்வாசல் வழியாக வந்துவிட்டோம். அவர்கள் படத்தை நிறுத்தவில்லை. முன்வாசல் கதவைத் தாழ்ப்பாள் போடுகிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. மீதிப் படத்துக்கு அவர்களுக்கு அர்த்தம் தேவைப்படவில்லை. கடைசி வரைக்கும் பார்த்தார்கள். நடுநடுவே சிரித்தார்கள். ஒரே சுவர்தானே, எல்லாம் கேட்டது. அக்கா தொட்டில் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்று சாயங்காலமே மடத்தில் வைத்துச் சொல்லிவிட்டார்கள். இந்தப் படம் வயசுப் பிள்ளைகள் பார்க்கிற படம் இல்லை, திருப்பிக் கொடுத்துவிட்டுச் சாமி படம் வாங்கி வரலாம் என்று. அது நியாயம்தான். நானும் பிள்ளை குட்டி பெற்றவள், அந்தப் படத்தைப் பிள்ளைகளுக்குப் போடாததற்காக நான் யாரிடமும் சண்டைக்குப் போக மாட்டேன். ஆனால் அதோடு விட்டார்களா? பெரியப்பா அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டார். நான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"பிள்ளையப் பாத்துக்கிடுதேன்னு வீட்டுல இருக்கிற பொண்ணுக என்னென்ன செய்யும்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது. நம்ம வீட்டுலயும் பகல் பூரா யாருமில்ல. ஊர் வாய மூட முடியாது பாத்துக்க. தொட்டிலெல்லாம் கழட்டிரு."

"சரிண்ணே" என்றார் அப்பா. அவ்வளவுதான் சொன்னார். என் மகள் என்ன செய்தாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். மில்லில் மேஸ்திரியாக இருந்து நாற்பது பேரை அதட்டுகிற மனுஷருக்கு அண்ணன் முன்னால் அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்குத் திதி கொடுக்கிற நாளிலும் எனக்கு அந்தச் "சரிண்ணே" காதில் விழுகிறது.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போகிற பெண்கள் பிள்ளையோடு வரவில்லை. சாயங்காலம் வந்து, அக்கா முகத்தைப் பார்க்காமல், அவரவர் சேலையை உத்தரத்திலிருந்து அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ஒருத்தி மட்டும், எதிர்வீட்டுத் தெலுங்குக்காரம்மா, வாசலில் நின்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரிப் பேசினாள். "காதால கேட்ட பிள்ளை கெட்டுப் போச்சாம். கண்ணால கடைசி வரைக்கும் பாத்த மகானுபாவுலு மூணு பேரும் நல்லா இருக்காகளாம். என்ன நியாயம்டி இது?" அவள் மட்டும் ஒரு வாரம் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டாள். பிறகு அவள் புருஷன் தடுத்துவிட்டான்.

அம்மா மூன்று தடவை லெட்டருக்காகப் பெரியப்பா வீட்டுக்குப் போனாள். மூன்றாவது தடவை அவர், "நான் எழுதிக் குடுத்து, அங்கன இருக்கிற பச்சப் பிள்ளைகளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆனா யாரு பொறுப்பு?" என்றாராம். அம்மா திரும்பி வந்து சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். ஜூன் மாதம் வந்தது, போனது. அந்தப் பள்ளியில் வேறு ஒரு பெண் சேர்ந்தாள்.

ஆவணியில் அக்காவைக் கூமாப்பட்டியில் ஒரு தென்னந்தோப்பு வீட்டுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அத்தான் நல்ல மனுஷர்தான், குறை சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அந்த ஊரில் பூச்சிமருந்து பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது, மாத்திரை அட்டையில் என்ன போட்டிருக்கிறது என்று அக்காவிடம்தான் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அவள் மூக்குக்கண்ணாடியைப் போட்டு வாசித்துச் சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விடுவாள். அந்த டிக்‌ஷ்னரி எங்கே என்று நான் கேட்டதில்லை.

நான் ஒரே ஒரு தடவை அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆடிப்பூரத் தேருக்கு வந்திருந்தாள். கூட்டத்தில் வடத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு நிற்கும்போது கேட்டேன். "நீ சின்னப் பிள்ளை, ஒனக்கு என்ன தெரியும்" என்றாள். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

உண்மையில் எனக்கு என்னதான் தெரிந்திருந்தது? அன்றைக்குச் சாயங்காலம் அவள் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதுகொண்டிருந்தபோது நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கதை பாதியில் இருக்கும்போது எழுந்து போகச் சொல்லிவிட்டார்களே, அந்தக் குழந்தைக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். "அழாதக்கா. பெரியப்பாட்டச் சொல்லி நாளைக்கு மறுபடியும் போடச் சொல்லுதேன்" என்றேன். அக்கா அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். என் தலையை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். நான் சந்தோஷமாகத் தூங்கிப் போனேன். அக்காவின் இங்கிலீஷை ஊருக்குத் தெரிய வைத்துவிட்ட பெருமையோடு தூங்கினேன். தெரியவில்லை என்று சொல்லித்தான் ஒரு பெண் சில இடத்தில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது என்று பத்து வயதில் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் இருந்தவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்தக் காலத்தில் ராஜபாளையத்தில் ஒருத்தி இங்கிலீஷ் கெட்ட படக் கேசட் கொண்டுவந்து பஜனை மடத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டப் பார்த்தாளாம், பெரியவர் ஒருவர்தான் தடுத்தாராம். நான் பாயசத்தைத் தொடாமல் எழுந்துவிட்டேன். அன்றைக்குத்தான் இதை எழுதுவது என்று முடிவு செய்தேன்.

ஆகையால் இதை வாசிக்கிறவர்கள் யாரிடம் சொன்னாலும் எழுதியபடியே சொல்லுங்கள். பெரியப்பா மார்கழி தவறாமல் பஜனை நடத்தியதையும் சொல்லுங்கள், அது பொய்யில்லை. கேசட்டை வாங்கி வந்தது அவர். பார்த்தது அந்த மூன்று பேர். என் அக்கா அந்தப் படத்தில் ஒரு காட்சியைக்கூடப் பார்க்கவில்லை. கேட்கச் சொன்னதால் கேட்டாள். அவளைச் சொல்ல வைத்தது நான். என் மேல் இரக்கப்பட்டு யாரும் அதை மட்டும் விட்டுவிட வேண்டாம்.